இருபத்திரண்டு பேருக்கு ஒரே வார்த்தை

"என் மருமகனை ஃபெயிலுன்னு சொல்ல நீங்க யாரும்மா?"

"நான் சொல்லலைங்க. கம்பெனி சொல்லுது."

"கம்பெனிக்கு வாய் இருக்கா?"

"மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்காருங்க. நான் டைப் அடிச்சது மட்டும்தான்."

"அப்போ நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். நடுவில் 'ஃபெயில்ட்' என்ற சொல்லின் கீழே புருவம் தீட்டும் பென்சிலால் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன.

"இன்டர்வியூவுல தேர்வாகலைன்னுதாங்க அர்த்தம்."

"அவன் சோம்பேறி. எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டான். ஒரு பல்பு மாத்தத் தெரியாது. அதையெல்லாம் நான் சொல்லலாம். பொண்ணைக் கொடுத்திருக்கேன். நீங்க என்னத்தைக் கொடுத்தீங்க? வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லைதான்.

மூன்று மாடி ஏறி வந்த மூச்சிரைப்பில் அம்மாள் சட்டென்று பின்னால் இருந்த மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். அது மெத்தை செய்யும் கம்பெனியின் கிளை அலுவலகம். வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. சரக்கின் சுகம் தெரியட்டும் என்று மேனேஜர் சுவரோரம் மாதிரி மெத்தைகளைப் போட்டு வைத்திருந்தார். அதில் உட்கார்ந்தவர்கள் மெதுவாக உள்ளே போவார்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் மோவாய்க்கு வந்துவிடும். அந்த நிலையிலிருந்து யாரையும் அதட்ட முடியாது.

"கொஞ்சம் கை கொடும்மா" என்றார் அம்மாள், கோபம் குறையாமலே.

கை கொடுத்துத் தூக்கிவிட்டவளை அந்த அலுவலகத்தில் எல்லோரும் லெட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே வருகிற கடிதங்களுக்கும் வெளியே போகிற கடிதங்களுக்கும் அவள் ஒருத்திதான். வேலைக்கு வந்து பதினொரு மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. பன்னிரண்டாவது மாதம் முடிகிற திங்கட்கிழமை அன்று நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

உதவியாளர் வேலை ஒன்றுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருபத்தொரு பேருக்குக் கடிதம் போக வேண்டும். பழைய கோப்பில் இருந்த மாதிரியைப் பார்த்து அப்படியே அடித்து அனுப்பினாள். 'ஃபெயில்ட்' என்று அதில்தான் இருந்தது. எந்தக் காலத்துப் புண்ணியவான் எழுதியதோ. எழுதிய ஆள் இப்போது எங்கேயோ சுகமாக இருக்கிறார். திட்டு மட்டும் இவளுக்கு.

இருபத்தொரு பேரையும் வேண்டாம் என்றது இவளா? தேர்வு நடந்த அறைக்குள் இவள் கால்கூட வைக்கவில்லை. டீ கொண்டுபோனவர்கூட உள்ளே போய்வந்தார்.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள்.

மேனேஜருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். தலைமை அலுவலகத்துக்கு யாராவது புகார் எழுதிவிடுவார்களோ என்பது. மற்றபடி நல்ல மனிதர். யாரிடமும் பாரபட்சம் காட்ட மாட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாத்திடும்மா. கொஞ்சம் மென்மையா ஏதாவது போடு."

"அந்த அம்மாவுக்கு மட்டும் வேற லெட்டர் அடிச்சுத் தரட்டுங்களா சார்?"

"அதெப்படி? ஒருத்தருக்கு ஒரு வார்த்தை, இன்னொருத்தருக்கு வேற வார்த்தையா? நாளைக்கு மத்த இருபது பேரும் வந்து, 'அவரை மட்டும் ஏன் மென்மையா வேண்டாம்னீங்க'ன்னு கேட்டா?"

"யாருக்கும் தெரியாதே சார்."

"எனக்குத் தெரியுமேம்மா. எல்லாருக்கும் புதுசா அனுப்பு. 'முந்தைய கடிதத்தை ரத்து செய்கிறோம்'னு மேலே ஒரு வரி போட்டுடு."

அவள் வெளியே வந்தாள். அகராதியில் தேடினால் தோல்விக்குச் சொல் இத்தனை இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. ஜெயித்தவனுக்கு ஒரு சொல் போதும். தோற்றவனுக்குத்தான் சந்தன டப்பாவிலிருந்து சவுக்கு வரை விதவிதமாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டிலும் அதே யோசனைதான். வீடு என்றால் அவளுடைய வீடு இல்லை. கணவரின் அண்ணன் வீட்டில் பின்பக்கத்து அறை ஒன்று. அவளும் கணவரும் மகளும் அதில் இருந்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஓரகத்தி சொல்லியிருந்ததால் கண்ணாடி, கடிகாரம், மகளின் பள்ளிப் பை எல்லாம் தரையில் சாய்ந்து நின்றன. மணி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்திருந்தார்கள். வீட்டுக்காரர் நல்லவர்தான். 'நிரந்தர வேலைன்னு ஒரு கடிதம் கொண்டு வாங்க, சாவி வாங்கிக்கோங்க. மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் விடமாட்டேன்' என்று சொல்லியிருந்தார்.

"ஏங்க, ஒரு வேலை கிடைக்கலைன்னா எப்படிச் சொன்னா உங்களுக்குக் கோபம் வராது?" என்று கேட்டாள்.

மருந்துக்கடையில் பில் போட்டுக் களைத்து வந்திருந்த கணவர் யோசித்தார். "எப்படிச் சொன்னாலும் வரும்."

"கம்மியா வர மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"சொல்லாமலே விட்டுட்டா?"

அடுக்களையிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. தினமும் இந்த நேரத்துக்கு வருகிற குரல்தான். "சாவி வாங்கிட்டீங்களா, இல்லை இன்னும் வாங்கப் போறீங்களா?"

"வாங்கப் போறோம்க்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் 'அன்சக்ஸஸ்ஃபுல்' என்று போட்டு அடித்தாள். நீளமான சொல். மெத்தை மாதிரி மெதுவாக உள்ளே இறங்குகிற சொல். இருபத்தொரு பிரதிகள். அவற்றை உறையிலிட்டு ஒட்ட வேண்டியவர் கவர் அக்கா. ஐம்பது வயதுக்காரர். பசையும் தபால்தலையுமே உலகம். எந்தக் கடிதத்தையும் படிக்க மாட்டார். ஆனால் எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"மறுபடியும் அதே ஆளுங்களா கண்ணு?"

"மறுபடியும்தான்க்கா."

"பாவம்."

"யாரு? அவங்களா, நானா?"

கவர் அக்கா அடுத்த உறைக்குப் பசை தடவினார்.

'முந்தைய கடிதத்தை ரத்து செய்கிறோம்' என்ற முதல் வரியைப் படித்ததும் இருபத்தொரு வீடுகளில் இருபத்தொரு பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வரியில் மறுபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் போன் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"ஃபெயில்டுன்னாலாவது அது அன்னைக்கு ஒரு நாள் விஷயம். அன்சக்ஸஸ்ஃபுல்னா? ஆளே அப்படிங்கற மாதிரி இருக்கே!"

"முதல் லெட்டரைப் பொண்டாட்டிக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சேன். ரெண்டாவது வரும்போது அவதான் கதவைத் திறந்தா. நல்லா இருப்பீங்க!"

"எத்தனை தடவைதாங்க வேண்டாம்பீங்க? நான் ஒரு தடவைதானே கேட்டேன்?"

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அநியாயமாகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். நியாயமாகத் திட்டுகிறவனை என்ன செய்வது?

அன்றைய தபாலில் அவளுடைய கடிதமே ஒன்று திரும்பி வந்திருந்தது. விலாசம் தவறாமல், அவள் பிரிவுக்கே. பிரித்தாள். சிவப்பு மையில் ஓரமெல்லாம் திருத்தம். இரண்டு இடத்தில் சுழி, ஒரு இடத்தில் அம்பு. 'அன்சக்ஸஸ்ஃபுல்' என்ற சொல்லுக்கு மேலே ஒரு கேள்விக்குறி. அடியில் அழகான கையெழுத்தில்: 'திருத்தி, மீண்டும் காட்டவும்.'

அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "பாருங்கக்கா! வேண்டாம்னு அனுப்பின கடிதத்தைத் திருத்தி அனுப்பியிருக்காரு ஒருத்தரு! நான் என்ன இவர்கிட்ட டியூஷனா படிக்கறேன்?"

கவர் அக்கா எட்டிப் பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு கண்ணு."

மதியம் அந்த ஆளே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. அச்சகம் ஒன்றில் இருபது வருடம் புரூஃப் பார்த்தவராம். அச்சகத்தை மூடிவிட்டார்களாம். மெத்தையை ஒரு முறை பார்த்தார். மற்றவர்களைப் போல நடுவில் உட்காராமல், மரச்சட்டம் இருக்கும் விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தார். ஒரு விரல் அளவுகூட உள்ளே போகவில்லை.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம். திருத்தினது நீங்களா?"

"ஆமாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"வேலை கிடைக்கலைங்கறதுல எனக்கு வருத்தம் இல்லைங்க" என்றார் புரூஃப்காரர். "வார்த்தையிலதான் வருத்தம். ஃபெயில்டுன்னா பாலம் இடிஞ்சு விழுந்த மாதிரி. அன்சக்ஸஸ்ஃபுல்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் போய்ச் சேரலைங்கற மாதிரி. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. நான் கிளம்பவே இல்லையே. நீங்கதானே பாலத்தை மூடினீங்க?"

"நான் மூடலைங்க!" என்று கத்தினாள். "எனக்கும் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர் தலை நிமிர்ந்தது. "என்னம்மா அங்கே? புகாரா? மாத்திடு, மாத்திடு. எல்லாருக்கும் மாத்திடு."

மூன்றாவது வார்த்தையைக் கவர் அக்காதான் சொன்னார். "'இன்னும் இல்லை'ன்னு போடேன் கண்ணு. எங்க வீட்டுல பிள்ளைங்க ஏதாவது கேட்டா நான் இல்லைன்னே சொல்ல மாட்டேன். இன்னும் இல்லைன்னுதான் சொல்வேன். அழாம போயிடுங்க."

நல்லதாகத்தான் பட்டது. 'நாட் யெட் சக்ஸஸ்ஃபுல்.' கதவை அறைந்து சாத்தாமல் ஒருக்களித்து வைத்த மாதிரி இருந்தது. அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது, இப்படி ஒரு கடிதம் தனக்கு வந்தால் தானே சந்தோஷப்படலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

போன் வரவில்லை. ஒரு நாள் முழுக்க வரவில்லை. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் காலை அவள் படியேறி வரும்போது மெத்தைகளில் ஆறு பேர் புதைந்திருந்தார்கள். தலைவாரி, சட்டையை உள்ளே விட்டு, மடியில் சாப்பாட்டு டப்பாவுடன்.

"வணக்கம் மேடம். இன்னைக்கு ஆயிடுச்சாங்க?"

"என்ன ஆயிடுச்சு?"

"இன்னும் ஆகலைன்னு போட்டிருந்தீங்களே. அதான், ஆனதும் உடனே உட்கார்ந்துடலாம்னு சாப்பாட்டோடவே வந்துட்டோம்."

விளக்கிச் சொன்னாள். 'இன்னும்' என்றால் இன்னும் இல்லை என்று அர்த்தமில்லை, இல்லவே இல்லை என்றுதான் அர்த்தம் என்றாள். "அப்போ எதுக்குங்க 'இன்னும்'?" என்றார்கள். மதியம் அங்கேயே சாப்பிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஊறுகாய் மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கைபிடித்து இழுத்து எழுப்பி அனுப்பியதில் அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

மறுநாள் எட்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வேன் ஓட்டுநர். கிளம்பும்போது அவர் சொன்னார்: "பழைய இடத்துல வேலையை விட்டு நின்னுடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேங்க. 'இன்னும்'னு போட்டிருந்துச்சே."

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். மூன்றே எழுத்து உள்ள சின்ன ஆங்கிலச் சொல். அதைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்த மனிதரைப் பார்க்க முடியாமல், "பழைய முதலாளி நம்பர் கொடுங்க" என்றாள். அவளே போன் செய்தாள். எங்கள் கடிதத்தில் தவறு, அவர் மேல் தவறில்லை என்று மூன்று முறை சொன்னாள். அந்த முதலாளியும் அவளைத்தான் திட்டினார். திட்டிவிட்டு, ஆளைத் திரும்ப வரச்சொன்னார். அந்த ஒரு திட்டை மட்டும் அவள் கோபமில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு வந்த தபாலில் மூன்றாவது கடிதமும் திருத்தப்பட்டுத் திரும்பியிருந்தது. சிவப்பு மை இந்த முறை குறைவு. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நம்பிக்கையைக் கடனாகக் கொடுக்கக்கூடாது.'

"இவருக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.

"இல்லைன்னுதானே நம்ம கிட்ட வந்தாரு" என்றார் கவர் அக்கா.

வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்ணாடி வழியாக இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு தியாகியின் ஒளி இருந்தது.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேம்மா. அவங்களைப் பத்திச் சொல்றதாலதானே கோபம் வருது? பழியை நாமே எடுத்துக்குவோம். 'உங்களைப் போன்ற ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியாமல் போனது எங்களுடைய ஃபெயிலியர்'னு போடு."

"நம்ம ஃபெயிலியரா சார்?"

"நம்மளதுதான். யாரு கோபப்படுவாங்க? சொல்லு பார்ப்போம்."

"சார், அது கொஞ்சம்…"

"அடிம்மா. லிஸ்ட்டுல இருக்கற எல்லாருக்கும் அனுப்பு."

"லிஸ்ட்டுல இருபத்திரண்டு பேர் இருக்காங்க சார். சேர்ந்தவரும் அதுல இருக்காரு. அவருக்குமா?"

மேனேஜர் அதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். "எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். பாரபட்சமே கூடாது" என்று கையை ஆட்டினார்.

வெளியே அவளுக்கு எதிர்மேசையில், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன உதவியாளர் குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். சாதுவான மனிதர். அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் மேனேஜரைப் பார்த்தாள். நாம் யோசித்துச் செய்தாலும் திட்டுதான், சொன்னபடி செய்தாலும் திட்டுதான், இனி சொன்னதைச் சொன்னபடியே செய்துவிட வேண்டியதுதான் என்று ஒரு வைராக்கியம் வந்தது. இருபத்திரண்டு பிரதிகள் அடித்தாள்.

உதவியாளர் அடுத்த நாள் வந்தார். அதற்கு அடுத்த நாள் வரவில்லை. பதினொரு மணிக்கு அவள் போன் செய்தாள்.

"உடம்பு சரியில்லையாங்க?"

"இல்லைங்க, நல்லா இருக்கேன். நேத்து லெட்டர் வந்துச்சு. படிச்சுட்டு வீட்டுல எல்லாருமே கண் கலங்கிட்டாங்க. இவ்வளவு மரியாதையா என்னை யாருமே வேலையை விட்டு அனுப்பினதில்லை. என் மாமனார் கடையிலேயே உட்கார்ந்துட்டேங்க. மேனேஜர் சாருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க."

அதைச் சொல்ல அவள் உள்ளே போவதற்குள் மேனேஜருக்கு வேறொரு போன் வந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அப்படி நின்று பேசினால் தலைமை அலுவலகம் என்று அர்த்தம்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்கு வக்கீல் சித்தப்பா ஒருவர் இருந்தார். 'தவறு தங்களுடையது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. எப்போது சரிசெய்வதாக உத்தேசம்?' என்று கேட்டு அவர் நேராகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். கூடவே நான்கு கடிதங்களின் நகலும்.

போனை வைத்தபோது மேனேஜரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது? ஃபெயிலியர்னு நம்ம கம்பெனியைப் பத்தி நாமே எழுதலாமா?"

"நீங்க சொன்னதுதான் சார்."

"நான் சொன்னேன். எழுதினது யாரு?"

புருவப் பென்சில் அம்மாள் முதல் மேனேஜர் வரை எல்லோரும் ஒரே சட்டக் கல்லூரியில்தான் படித்திருக்கிறார்கள்.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் புரூஃப்காரர் படியேறி வந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டி, நான்காவது கடிதத்தை நீட்டினார். இந்த முறை தபாலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு இடம்தான். ஃபெயிலியர்னு சொன்னா இடிஞ்ச பாலமே நாமதான்னு ஆயிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம்."

கடிதத்தின் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'முன்னேற்றம் தெரிகிறது.'

இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"முன்னேற்றமா? யாருக்கு முன்னேற்றம்? ஒரு வார்த்தை போட்டா ஏன் போட்டேங்கறாங்க, மாத்தினா ஏன் மாத்தினேங்கறாங்க. நான் யாரையாவது வேண்டாம்னேனா? நான் யாரையாவது இன்டர்வியூ பண்ணேனா? எல்லாரும் வேண்டாம்னு சொல்லிட்டு உள்ளே போய் உட்கார்ந்துக்கறீங்க. அதை அழகாச் சொல்றதுக்கு மட்டும் நானா? சார், இவருக்கு இவ்வளவு தெரியும்னா, காலியா இருக்கே அந்த மேசை, அங்கே இவரையே உட்கார வெச்சு எழுதச் சொல்லுங்களேன்! என் தலைவலியாவது தீரும்!"

பசைப் புட்டியை மூடும் சத்தம்கூடக் கேட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். பிறகு புரூஃப்காரரைப் பார்த்தார். பிறகு கடிதத்தின் மூலையில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

"நல்ல யோசனையா இருக்கேம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை எதிர்மேசையில் புரூஃப்காரர் உட்கார்ந்திருந்தார். தட்டச்சு இயந்திரத்தின் தூசியைத் தானே துடைத்தார். சிவப்புப் பேனா, நீலப் பேனா, அகராதி என்று வரிசையாக அடுக்கினார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்களாலதாங்க" என்றார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"பரவாயில்லைங்க. இனிமே அந்த இருபத்தொரு பேரும் உங்க பாடு."

"இருபதுங்க" என்று திருத்தினார் அவர். "ஒருத்தன் நான்தானே."

முதல் முறையாக அவர் திருத்தியதற்கு அவள் சிரித்தாள்.

பன்னிரண்டாவது மாதம் அன்றோடு முடிந்தது. காலையில் கிளம்பும்போது கணவர் புது வீட்டுக்காரரிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஓரகத்தி கேட்பதற்கு முன்னாலேயே அவள் போய், "இன்னைக்கு வாங்கிடுவோம்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதைச் சொல்லும்போது ஓரகத்தியின் முகத்தைப் பார்த்ததே பாதி சாவி வாங்கிய மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு மேனேஜர் புரூஃப்காரரை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஏதோ மெதுவாகச் சொன்னார். தலைமை அலுவலகத்தின் முத்திரை உள்ள தாள் ஒன்றைக் காட்டினார். புரூஃப்காரர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அந்த இருபது பேருக்கு ஐந்தாவது கடிதமாகத்தான் இருக்கும். பாவம், முதல் நாளே. நான்கு கடிதங்களின் அனுபவம் தனக்கு இருக்கிறது, கேட்டால் சொல்லிக்கொடுக்கலாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள்.

அவர் வந்து உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார். வேகமாகத்தான் அடித்தார். பாதிக் கடிதத்தில் நின்றுவிட்டார். அகராதியைப் புரட்டினார். மூடினார். பேனாவால் மோவாயைத் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே, ஈரத்துணி காயும் எதிர்மாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் பக்கம் திரும்பினார். அவள் புன்னகைத்ததும் சட்டென்று குனிந்துகொண்டார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பாடுபடுகிறாரே, இத்தனை நாள் நம்மை என்ன பாடு படுத்தினார் என்று அவளுக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது.

கடைசியில் மீதியை அடித்து முடித்துவிட்டு அவர் எழுந்து போய், பசை தடவிக்கொண்டிருந்த கவர் அக்காவின் காதில் ஏதோ சொன்னார். கவர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"கண்ணு, தப்பா நினைச்சுக்காதே. உன் பெர்மனென்ட் விஷயமா தலைமை அலுவலகம் அனுப்பச் சொன்ன லெட்டரை புரூஃப் சார் அடிச்சு முடிச்சுட்டாரு. ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருக்காரு. ஃபெயில்டு, அன்சக்ஸஸ்ஃபுல், இன்னும் இல்லை… இதுல எதைப் போட்டா உனக்குக் கோபம் வராதுன்னு உன்னையே கேட்டுட்டு வரச் சொன்னாரு. சட்டுனு ஒண்ணு சொல்லேன், நான் கவர் ஒட்டணும்."